ஜோடியாக வந்தால்தான் அட்டை

செல்வராணிக்குக் காது மந்தமாகிவிட்டது என்பது அவளைத் தவிர, மலேசியாவின் கூலாய் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த தெருப் பெண் ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அப்பா இறந்துட்டாரு அக்கா" என்றபோது, இவள் முகம் மலர, "இறங்கிட்டாரா? நல்லதாப் போச்சு! பஸ்லயா வந்தாரு, கார்லயா?" என்று கேட்டு வைத்தாள். அந்தப் பெண் அதன்பிறகு இவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

விஷயம் மகள் பிரவீனாவின் காதுக்கு எட்டியது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள், அந்த வார இறுதியிலேயே எல்லை தாண்டி வந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். அவர் சொன்னதில் விலை மட்டும்தான் செல்வராணிக்குப் பளிச்சென்று கேட்டது.

"எனக்கு இருக்குற காதே போதும், வா போலாம்."

பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த தாதி நிமிர்ந்து பார்த்து, அத்தை என்று மலாயில் அழைத்தாள். "மக்சிக், உங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தவர்னு இதுல போட்டிருக்கே. பென்ஷன் வாங்குறவர்தானே? அப்போ உங்க பேர்லயும் சிகிச்சை அட்டை இருக்கணுமே. அது இருந்தா மெஷினுக்கு நீங்க காசு கட்ட வேண்டியதில்ல."

செல்வராணி கைப்பையைக் கிண்டி, ஓரம் பிய்ந்த ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். தாதி அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதிலிருந்த படத்தில் செல்வராணிக்கு இரட்டைப் பின்னல்.

"இது எப்பவோ செல்லாமப் போச்சு. புதுசு எடுக்கணும். வர்ற சனிக்கிழமை கூலாய் டேவான் மண்டபத்துல முன்னாள் படைவீரர்களுக்கு முகாம் போடுறாங்க. ரெண்டு பேரும் ஜோடியா நேர்ல போனா அங்கேயே செஞ்சு கொடுத்துடுவாங்க."

ஜோடியாக. அங்கேதான் சிக்கல்.

அர்ச்சுனன் ராணுவ லாரி ஓட்டி, சார்ஜன் பட்டத்தோடு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று வந்தவர் பட்டாளத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டார். விடியுமுன் விசில் ஊதுவார். மெத்தை விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. குளியலறைத் துண்டு மூன்றாக மடிந்திருக்க வேண்டும். கடுகு டப்பாவும் சீரக டப்பாவும் உயர வரிசைப்படி நிற்க வேண்டும். மார்க்கெட்டுக்குப் போகும் மனைவி எப்போது புறப்படுகிறாள், எப்போது திரும்புவாள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு நாள், ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவளின் காதருகே வந்து அவர் விசில் ஊதினார். செல்வராணி கையைக் கழுவினாள். அவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினாள். வாசலுக்கு நடந்து போய் லோங்காங் சாக்கடையில் எறிந்தாள். மழைத் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனது.

"அது போன வழியே நீங்களும் போங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிடுவாள் என்ற நம்பிக்கையில் அர்ச்சுனன், பக்கத்தில் சுல்தான் என்பவன் நடத்தும் சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஓர் அறை எடுத்தார். இரண்டு நாள் வளர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடையும் வீடும் கூப்பிடு தூரம்தான், கூப்பிடத்தான் ஆளில்லை. தீபாவளிக்கு முறுக்கு அங்கே போகும், டுரியான் பருவத்தில் பழம் இங்கே வரும். இரண்டையும் சுமப்பது சுல்தானின் மனைவி ஆரிஃபா. பேச்சு மட்டும் போகவும் இல்லை, வரவும் இல்லை.

"நான் போய் அப்பாகிட்ட பேசறேன்" என்றாள் பிரவீனா.

"நீ பேசாத. அவராவே வருவாரு" என்றாள் செல்வராணி. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியதைப் பார்த்து மகளுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

மறுநாள் மத்தியானம் செல்வராணி கடைக்குப் போனாள். மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டாள். காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரல் அவளுக்கு இயல்பாகவே இருந்தது. அன்று அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்றினாள்.

"ஆரிஃபா, கேட்டியா கூத்தை? சனிக்கிழமை டேவான்ல முகாம் போடுற பட்டாளத்து ஆபீசுக்குப் போன் அடிச்சு விசாரிச்சேன். சார்ஜன் அர்ச்சுனனா, லாரி ஓட்டினவரா, அப்படி யாரும் இல்லையேங்கறாங்க. கேன்டீன்ல காய் வெட்டுன அர்ச்சுனன்னு ஒருத்தர் இருக்காராம், அவரான்னு கேக்குறாங்க!"

மேலே ஏதோ உருண்டு விழும் சத்தம் ஆரிஃபாவுக்குக் கேட்டது. "அக்கா, நிஜமாவா?"

"நான் என்னத்தக் கண்டேன். காய் வெட்டுறதும் நல்ல வேலைதானேன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்."

சனிக்கிழமை டேவானுக்குள் செல்வராணி நுழைந்தபோது அர்ச்சுனன் முன் வரிசையில் இருந்தார். தலையில் பெரே தொப்பி, நெஞ்சில் பதக்கங்கள், மீசையில் புது மை. மனைவியைப் பார்த்ததும் மீசை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"நீ எதுக்கு வந்த?" என்றார், அவளுக்குக் கேட்கும்படி.

"என் அட்டைக்கு. நீங்க?"

"நான்... நான் யாருன்னு இவங்களுக்குக் காட்டறதுக்கு!"

"காட்டுங்க. அப்படியே பக்கத்துல என்னையும் காட்டிடுங்க."

மாடிப்படிக்கடியில் அவள் போட்டது தூண்டில் என்று விளங்கிவிட்டது அவருக்கு. எழுந்து போகத்தான் பார்த்தார். ஆனால் பின் வரிசையில் குளுவாங் ராணுவ முகாமில் கூட வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் மனைவிமாரோடு உட்கார்ந்து கையசைத்தார்கள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து நாற்காலி அம்மாள் ஒருத்தி, "ஒரே வீட்டுல ஒத்துமையா இருக்குறவங்களுக்குத்தான் அட்டையாம். துருவித் துருவிக் கேக்குறாங்களாம்" என்று ஒரு புரளியை அவிழ்த்துவிட்டாள். பெண்டாட்டி வீட்டை விட்டு விரட்டிய கதை இந்த டேவானில், பழைய சகாக்களின் முன்னால், மைக்கில் வெளிவரும் காட்சி அர்ச்சுனனின் கண் முன்னால் ஓடியிருக்க வேண்டும். அவர் மெல்லத் திரும்பி உட்கார்ந்தார். செல்வராணியின் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

செல்வராணி விடவில்லை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் கையைக் கொண்டுபோய், கழுத்துக்குப் பின்னால் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆ!"

"சிரிங்க. பாக்குறாங்க."

முகப்பு மேசையில் உட்கார்ந்திருந்த மலாய் அதிகாரி சின்னப் பெண். பதிவைப் பார்த்ததும் எழுந்து நின்று, "துவான் சார்ஜன்" என்று, ஐயா போட்டு வணக்கம் வைத்தாள். அர்ச்சுனனின் நெஞ்சு ஓர் அங்குலம் முன்னால் வந்தது. மனைவியை அவர் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தார். செல்வராணி கூரையில் சுழலும் காற்றாடியைப் பார்த்தாள்.

"நலமா இருக்கீங்களா ரெண்டு பேரும்?" என்று அதிகாரி கேட்டாள்.

அர்ச்சுனனுக்கு அது விசாரணையாகப் பட்டது. "ஒரு நாள்கூடப் பிரிஞ்சதில்ல! இவ சமைக்காம நான் சாப்பிட்டதில்ல, நான் வராம இவ தூங்கினதில்ல."

அதிகாரியின் உதட்டசைவை ஊகித்துக்கொண்டு செல்வராணியும் தன் பங்குக்குச் சொன்னாள். "தங்கமான மனுஷன். வாயே திறக்க மாட்டாரு."

"ரொம்ப சந்தோஷம். அட்டை சம்பந்தமா கடிதம் வந்தா எந்த விலாசத்துக்கு அனுப்பலாம்?"

அதிகாரி இந்த முறை அவளைப் பார்த்து உரக்கவே கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அவள் வீட்டு விலாசம் சொன்னாள், அவர் கடை மாடி விலாசம் சொன்னார். பேனா அந்தரத்தில் நின்றது.

"அது... கடை மேல... என்னோட ஆபீஸ்" என்றார் அர்ச்சுனன். வியர்வையோடு சேர்ந்து மீசை மை கீழே இறங்கத் தொடங்கியது.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டாள். "துவான், நீங்க எந்த வீட்டுல இருக்கீங்கன்னு நாங்க கேக்கறதில்ல. விவாகரத்து ஆகல இல்லையா? அவ்வளவுதான் வேணும்."

இவ்வளவு நாடகமும் வீண் என்று தெரிந்தபோது அர்ச்சுனனுக்கு வந்த கோபத்தை வெளியே காட்ட வழியில்லை. படம் எடுப்பவர் வந்துவிட்டார். மகிழ்ச்சியான தம்பதி என்று முகாமின் விளம்பரத்தில் போடப் போகிறார்களாம். கையைக் கோத்துக்கொள்ளச் சொன்னார். கோத்துக்கொண்டார்கள். படம் எடுத்து முடித்து, படம் எடுத்தவர் அடுத்த ஜோடிக்குப் போய், அந்த ஜோடியும் போன பிறகுதான், இன்னும் கை கோத்திருப்பது செல்வராணிக்கு உறைத்தது. வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

புது அட்டையைக் காட்டி, ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு மெஷின் பொருத்தினார்கள். காதுக்குப் பின்னால், கொண்டைக்கும் கம்மலுக்கும் நடுவில் ஒளிந்துகொள்கிற அளவுதான் அது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் செல்வராணி நின்றுவிட்டாள். மழை. இத்தனை நாளும் அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது அது தகரக் கூரைமேல் படபடவென்று பேசியது. பிரவீனா அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றாள் செல்வராணி. அது மழையைப் பற்றி இல்லை. "மெஷின் இன்னும் வரலன்னே இருக்கட்டும். கொஞ்ச நாள் ஊரு என்ன பேசுதுன்னு கேட்டுக்கறேன்."

"அம்மா, பாவம்மா அது."

"இவ்வளவு நாளா கேக்காதது பாவமில்லையா?"

ஊர் நிறையவே பேசியது. எதிர் வீட்டுக்காரி தன்னை "ஸ்பீக்கர்" என்று குறிப்பிடுவதைச் செல்வராணி அறிந்துகொண்டாள். காய்கறிக்காரன் இவளுக்கு மட்டும் வாடிய கீரையை எடுத்துத் தரும்படி தன் மனைவியிடம் சொல்வதையும் அறிந்து, அந்தக் கட்டை அப்படியே வைத்துவிட்டு அடியிலிருந்த பச்சைக் கட்டை உருவிக்கொண்டாள். காய்கறிக்காரன் திகைத்துப்போனான்.

ஒரு சாயங்காலம் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸைத் தாப்பாவ் செய்து பொட்டலமாக வாங்கிவர சுல்தான் கடைக்குப் போனாள். அர்ச்சுனன் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் தே தாரிக் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்து மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, அவளுக்கு எதிரிலேயே சுல்தானிடம் பேச்சைத் தொடர்ந்தார். செவிடிக்கு முன்னால் என்ன மறைவு?

"டேவான்ல பாத்திருக்கணும்டா நீ. என் கையப் பிடிச்சவ விடவே இல்ல."

"அப்ப வீட்டுக்கே போயிடலாம்ல அண்ணே?" என்றான் சுல்தான். "மாடிப்படி ஏறும்போது உங்களுக்கும் மூச்சு வாங்குது. தினமும் என் கடை ரொட்டியையே தின்னு அலுக்கலையா?"

அர்ச்சுனன் கண்ணாடிக் குவளையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அலுத்துப்போச்சுடா. அவ வைக்கிற மீன் குழம்பு வாசம் காத்துல வந்தா அன்னிக்குப் பூரா எனக்கு வேலை ஓடாது. ஆனா நேராப் போய்க் கேக்கச் சொல்றியா? நான் ஆர்மிக்காரன்."

"பின்ன?"

"நாளைக்குக் காலைல இடுப்பு பிடிச்சிக்கிச்சுன்னு படுத்துடறேன். எழுந்திருக்கவே மாட்டேன். நீ போய் அவளக் கூட்டிட்டு வா. இந்த மாடியில கிடந்தா யாரு பாக்கறதுன்னு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடு. வேற வழியில்லாம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவா. போயிட்டா அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"அலமாக், ஐயய்யோ! அக்காகிட்ட மாட்டினா என்னைத் தொலைச்சிடுவாங்க."

"அவளுக்கு என்னடா தெரியப் போகுது?"

செல்வராணி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். சுல்தானைப் பார்த்து, வழக்கமான உரத்த குரலில், "தம்பி, மொளகா கொஞ்சம் கூடப் போட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்குப் போய் மீயை ருசித்துச் சாப்பிட்டாள். மீன் குழம்பு என்று அவர் சொன்ன விதம் அவள் மனதில் இரண்டு தரம் வந்து போனது. ஆனாலும் கைப்பையில் அவளுடைய சிகிச்சை அட்டை, அடையாள அட்டையான ஐசி, ஒரு மாற்றுத் துண்டு, பிளாஸ்க் எல்லாம் எடுத்து வைத்தாள்.

காலையில் சுல்தான் ஓடி வந்தான். இடுப்பைப் பிடித்து, நாக்கைத் தள்ளி, கைகளால் ஒரு நாடகமே போட்டுக் காட்டினான். "இடுப்பா! ஐயோ!" என்று அவனைவிட வேகமாக நடந்தாள் செல்வராணி.

மாடி அறையில் அர்ச்சுனன் சுவரைப் பார்த்துப் படுத்து முனகிக்கொண்டிருந்தார். செல்வராணி அவர் நெற்றியைத் தொட்டாள். தலைமாட்டிலிருந்த பணப்பையிலிருந்து அவருடைய அட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, வேனை எடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

முனகல் நின்றது. "ஆஸ்பத்திரியா? வீட்டுக்குடா, வீட்டுக்குன்னு சொல்லு" என்று அர்ச்சுனன் பல்லைக் கடித்துக்கொண்டு சுல்தானிடம் முணுமுணுத்தார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் செல்வராணி.

"ரொம்ப வலிக்குதாம் அக்கா" என்றான் சுல்தான், தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டு.

"வலிக்காதா பின்ன. அரசாங்கம் அட்டை கொடுத்திருக்கு, எதுக்கு வச்சிருக்கோம்? தூக்குங்கப்பா."

கடையில் வேலை செய்யும் இரண்டு பேர் நாற்காலியில் வைத்து அவரைக் கீழே இறக்கினார்கள். காலைப் பசியாற வந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து வழிவிட்டார்கள். இப்போது எழுந்து நடந்தால் அதைவிடக் கேவலம். அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் செல்வராணி இரண்டு அட்டைகளையும் மேசைமேல் விரித்தாள். டாக்டர் இளம் சீனப் பையன், பொறுமைசாலி. என்ன செய்கிறது என்று அவர் நோயாளியிடம் கேட்டதற்கு மனைவி பதில் சொன்னாள். இடுப்பு அசையவில்லை. முதுகும் அப்படித்தான். பழைய லாரிக்காரர், எலும்பெல்லாம் எப்படி இருக்கிறதோ. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயிறும் சரியாகப் போவதில்லை என்று நினைக்கிறாள். நான்கு நாளாக இருக்கும்.

"பொய்!" என்று அர்ச்சுனன் எழுந்தார், இடுப்பு ஞாபகம் வந்து மறுபடி சாய்ந்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பின்புறம் ஓர் ஊசி போட்டார்கள். அவர் போட்ட சத்தத்தில் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. வயிற்றுக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். அது வேலை செய்யத் தொடங்கியபோது, இடுப்பு அசையாத மனிதர் கழிவறைக்கு ஓடிய வேகத்தைத் தாதிமார்கள் வியந்து பார்த்தார்கள். செல்வராணி பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பக்கத்திலிருந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டர் வந்தபோது சிரிப்பு நின்றது.

"இடுப்புல ஒண்ணும் இல்ல மக்சிக். ஆனா சர்க்கரை ரொம்ப அதிகம். ரத்த அழுத்தமும் அப்படித்தான். மூச்சு வாங்குதுன்னு சொன்னீங்களே, நல்ல வேளை. கடைசியா எப்ப செக் பண்ணினார்?"

செல்வராணி கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ஓய்வு பெற்றபோதே கொடுத்த, ஆயுளுக்கும் செல்லும் அவர் அட்டை இன்னும் ஒரு கீறல்கூட இல்லாமல் புதிதாகவே இருந்த காரணம் அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமும் மேல்மாடியில் சீனி தூக்கலாகத் தேநீரும் ரொட்டியும் தின்றுகொண்டு, எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாமல் இருந்திருக்கிறார். விளையாட்டுக்குக் கூட்டி வந்திராவிட்டால்? அந்த எண்ணத்தை அவள் மேலே போகவிடவில்லை.

வார்டில் படுக்க வைத்தார்கள். உப்பில்லாத கஞ்சி வந்தது. அர்ச்சுனன் அதை மூடி வைத்தார். செல்வராணி திறந்து வைத்தாள். அவர் ஒரு கரண்டி வாயில் வைத்து, முகத்தைச் சுளித்து, விழுங்கினார். பிறகு கட்டிலின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, அவளுக்குக் கேட்காது என்கிற தைரியத்தில், மெதுவாகச் சொன்னார்:

"ராணி, நான் வீட்டுக்கு வந்துடவா?"

ஒவ்வோர் எழுத்தும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. கஞ்சியைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "என்ன? தண்ணியா?"

"வீட்டுக்கு வரவான்னு கேட்டேன்."

"காது கேக்கலங்க. சத்தமா."

"வீட்டுக்கு வரவா!"

"காட்டுக்கா? எந்தக் காட்டுக்கு?"

அர்ச்சுனன் நிமிர்ந்து உட்கார்ந்தார். லாரி வரிசையின் முன்னால் நின்று கடைசி வண்டிக்கு உத்தரவு போட்ட குரல் எங்கிருந்தோ எழுந்து வந்தது. "நான் நம்ம வீட்டுக்கே வந்துடறேன்! விசிலெல்லாம் ஊத மாட்டேன்! என்னைச் சேத்துக்கோ!"

வார்டு மொத்தமும் திரும்பியது. ஜன்னலோரப் படுக்கையில் இருந்த தமிழ்க் கிழவர் ஒருவர், "சேத்துக்கம்மா, பாவம்" என்றார். தமிழ் தெரியாத தாதிகூடக் கை தட்டினாள்.

செல்வராணி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஏன் இப்படிக் கத்துறீங்க? முதல் தடவை சொன்னதே கேட்டுச்சே" என்று மெல்லிய குரலில் சொல்லி, கூந்தலை ஒதுக்கிக் காதைக் காட்டினாள்.

அர்ச்சுனன் அந்தச் சின்ன மெஷினைப் பார்த்தார். அவர் முகத்தில் தே தாரிக், மீன் குழம்பு, இரண்டு சொட்டுக் கண்ணீர் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின.

"எப்போலேர்ந்து?"

"மீ கோரெங் வாங்கின அன்னிக்கு முன்னாடியே."

"அப்ப இந்த ஊசி... வயித்துக்கு மருந்து..."

"அட்டைதான் இருக்கேன்னு பாத்தேன்."

அவர் தலையணையில் சாய்ந்து போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டார். போர்வை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும்தான் அவளுக்கும் மூச்சு வந்தது.

டாக்டர் வீட்டுக்கு அனுப்பிய அன்று சுல்தான் வேனைக் கொண்டு வந்தான். பின் இருக்கையில் செல்வராணி நிபந்தனைகளை அடுக்கினாள். படுக்கை பின்பக்க அறையில். சமையலறைக்குள் வரலாம், டப்பாக்களைத் தொடக் கூடாது. பாகற்காய் போட்டால் பேசாமல் சாப்பிட வேண்டும். மீன் குழம்பு டாக்டர் சொல்கிற அளவுக்கு. அர்ச்சுனன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் பட்டாளத்து ரோஷம் முழுசாக அடங்குமா? கூலாய்க்குள் வண்டி திரும்பியதும் தொண்டையைச் செருமினார்.

"சரி, எல்லாம் பாப்போம். ஒத்துவரலன்னா எனக்கென்ன, மேல்மாடி ரூம் இருக்கு."

சுல்தான் கண்ணாடியில் செல்வராணியைப் பார்த்தான். அவள் ஜன்னல் வழியாக, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றான் சுல்தான், "கோவிச்சுக்காதீங்க. செனாய் பேக்டரியில வேலை செய்யற ரெண்டு நேப்பாளிப் பையனுங்க நேத்தே அந்த ரூமுக்குக் குடி வந்துட்டாங்க. அக்காதான் கூட்டிட்டு வந்தாங்க."